வலது பக்கம் திரும்பும்போது மட்டும்

“வலது பக்கம் திரும்பும்போது மட்டும்தான்ணா நிக்குது.”

என் தங்கை இதை முதல் தடவை சொன்னபோது நான் சிரித்தேன். இரண்டாவது தடவை சொன்னபோது பொறுமையாக விளக்கினேன். மூன்றாவது தடவை கத்தினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அரைத்த மாவையே அரைக்கிறாள் என்று காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டேன்.

நான் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். இருபது வருஷமாகக் கார்ப்பரேட்டர்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது, அவ்வளவுதான். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதற்குத் தெரியாது. சோற்றுக்கை, பீச்சாங்கை பார்த்து வேலை செய்கிற ஜீவன் இல்லை. இதைத்தான் அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, “சரிண்ணா, ஆனா வலது பக்கம் திரும்பும்போது மட்டும்…” என்று மறுபடி ஆரம்பித்தாள். மனுஷனுக்கு மண்டை காயுமா காயாதா?

சும்மா ஊர் சுற்ற வாங்கின வண்டியாக இருந்தால் நானும் இவ்வளவு எகிறியிருக்க மாட்டேன். அவளுக்கு அந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். பின்னறையில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஆனால் முன்னறையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று குத்து குத்தியும் நரம்பு கிடைக்காமல் முழித்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே குத்தில் எடுத்துவிட்டு, மறுபடியும் சீட்டு ஒட்ட வந்துவிடுவாள். இப்போதுதான் அவர்களுக்குப் புத்தி வந்திருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வர ஒரு ஆள் வேண்டும், நீயே போ என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, மாதக் கடைசிக்குள் வண்டி லைசென்ஸ். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

லைசென்ஸ் பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ஆறு மாதம் கழித்து முதலிலிருந்து வர வேண்டும். அவள் இரண்டில் தவறிவிட்டாள்.

பரீட்சை என்ன பெரிய பரீட்சை? தரையில் வெள்ளைக் கோட்டால் பெரிதாக ஒரு எட்டு போட்டிருப்பார்கள். அதன் மேலேயே வண்டியை மெதுவாக ஓட்டி முடிக்க வேண்டும். கால் தரையில் பட்டால் போச்சு. வேகமாகப் போனால் கோட்டை விட்டு வெளியே போய்விடும், ஆகவே நடக்கிற வேகத்தில்தான் போக முடியும். எஞ்சின் குறைந்த வேகத்தில் நின்று நிதானமாக ஓட வேண்டும். என் தங்கை இடது வட்டத்தை அழகாக முடிப்பாள், நடுவில் குறுக்கே வருவாள், வலது வட்டத்தில் ஹேண்டில்பாரைத் திருப்புவாள். எஞ்சின் ரெண்டு தடவை குதிரை மாதிரி கனைத்துவிட்டு நின்றுவிடும். அவள் காலை ஊன்றுவாள். இன்ஸ்பெக்டர் தகர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “கிளட்ச்ச ஒழுங்கா பிடிக்கப் பழகிட்டு வாங்கம்மா” என்பார்.

இன்ஸ்பெக்டர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றாக இருந்ததால் நான் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

காரணம், அது நான் கட்டிய வண்டி. ஒரு கிட்டங்கியில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் கிடந்ததை உருட்டிக்கொண்டு வந்து, அவளுக்காகவே நட்டு நட்டாகக் கழற்றிச் சேர்த்தேன். நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயிருக்கின்றன. என் வேலையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் தொழிலில் என்னை எல்லோரும் ‘நறுவிசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற மெக்கானிக்குகள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், நான் பிளாஸ்டிக் டை வைத்திருப்பேன், கேபிள்களைக் கட்டுகிற டை. என் கடையிலிருந்து வெளியே போகிற வண்டியில் ஒரு கேபிள் தொங்காது, ஒரு ஒயர் ஆடாது. எல்லாம் தலை வாரிவிட்ட மாதிரி சட்டத்தோடு படிந்து கிடக்கும். தங்கையிடம் வண்டியைக் கொடுத்த அன்று முதலில் அதைத்தான் காட்டினேன். “பாத்தியா, ஷோரூம்ல கூட இப்படி இருக்காது” என்றேன். அவளும் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

முதல் தடவை தவறிவிட்டு வந்தபோது வண்டியைக் கடைக்குள் ஏற்றி ஸ்டாண்டு போட்டுக் கிளப்பினேன். தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து மூடினேன், மறுப்பே இல்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினால் கேபிள் இழுபட்டு எஞ்சின் வேகம் மாறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். அதையும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

“வண்டி பக்கா. நீ கிளட்ச்ச பட்டுனு விடுற. அதான் நிக்குது” என்றேன்.

“இல்லண்ணா. கிளட்ச்ச பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். முழுசா பிடிச்சிருந்தும் நின்னுடுச்சு.”

“முழுசா பிடிச்சிருந்தா எப்படி நிக்கும்? யோசிச்சுப் பேசு.”

கிளட்சைப் பிடித்திருந்தும் எஞ்சின் நின்றது என்றால் கிளட்ச் காரணம் இல்லை. எந்த மெக்கானிக்குக்கும் உறைக்க வேண்டிய விஷயம் அது. வேறு எந்த வாடிக்கைக்காரர் சொல்லியிருந்தாலும் எனக்கும் உறைத்திருக்கும். சொன்னது தங்கை. அவள் சைக்கிள் ஓட்டப் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான். அவள் சாக்கடையில் விழுந்ததெல்லாம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இருந்தாலும் அவள் முகத்துக்காக பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனையெல்லாம் கரி அப்பிக் கிடந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். சரி, ஏதோ இருக்கிறது என்று கார்ப்பரேட்டரை இறக்கினேன். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வருகிற துளைக்கு ஸ்லோ ஜெட் என்று பெயர், தலைமுடி நுழைகிற அளவுதான் இருக்கும். அதில் ஒரு தூசு கூட இல்லை. மிதவை சரியான உயரத்தில் இருந்தது. காற்று ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, காது கொடுத்துக் கேட்டு இன்னும் கால் சுற்று திறந்தேன். புது பிளக் போட்டேன். நானே தெருவை நாலு சுற்று சுற்றி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்கட் நிறத்தில் இருந்தது. அதைவிட நல்ல நிறம் ஒரு பிளக்குக்குக் கிடையாது.

அவள் ஒரு வாரம் பழகிவிட்டு வந்தாள். கழற்றிப் பார்த்தால் மறுபடி கரி.

நான் ஓட்டினால் பிஸ்கட், அவள் ஓட்டினால் கரி. ஒரே வண்டி, ஒரே பெட்ரோல். இதற்கு எனக்கு ஒரே ஒரு விடைதான் தெரிந்தது. சோக். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காக மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிற ஏற்பாடு அது. இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நெம்புகோல் இருக்கும், அதிலிருந்து ஒரு கேபிள் கார்ப்பரேட்டருக்குப் போகும். எஞ்சின் சூடான பிறகும் அதை மூடாமல் ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் திக்குமுக்காடி, மெதுவாகப் போகும்போது வண்டி நிற்கும்.

“சோக்கை மூடாமயே ஓட்டுறியா?”

“சோக்கை நான் தொடுறதே இல்லண்ணா. கிளப்பினதும் மூடிடுவேன்.”

“அப்ப பிளக்கு ஏன் கரியா இருக்கு? பொய் சொல்லாத.”

“நான் ஏண்ணா பொய் சொல்லணும்?” என்றாள். கண் கலங்கியிருந்தது. “ஒரே ஒரு தடவை நான் சொல்றதக் கேளு. இடது பக்கம் எத்தனை வட்டம் வேணாலும் போடுறேன். வலது பக்கம்…”

“அந்தப் பேச்சையே எடுக்காத!”

என் மனைவி கடைக்கு மேலே வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் சத்தம் அங்கே வரை போயிருக்கிறது.

இரண்டாவது தடவையும் அவள் தவறினாள். அதே வலது வட்டம், அதே நாற்காலி, அதே வார்த்தை.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாளில் நான் அந்த வண்டிக்குச் செய்யாத வேலை இல்லை. கார்ப்பரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கிற ரப்பரில் விரிசல் இருந்து அதன் வழியே காற்று உள்ளே போகிறதா என்று எஞ்சினை ஓடவிட்டு ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். இல்லை. வால்வு இடைவெளியை அளந்தேன், சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்து வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம். கடைசியில் வீம்புக்கு ஸ்லோ ஜெட்டையே ஒரு அளவு சின்னதாக மாற்றினேன். அவ்வளவுதான், நேராகப் போகும்போது கூட வண்டி இருமியது, சைலன்சர் பட்பட்டென்று வெடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய ஜெட்டையே திரும்ப மாட்டினேன். இரண்டு வாடிக்கைக்காரர்களின் வண்டிகள் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தன. அவர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அவர்கள் மீதும் எரிந்து விழுந்தேன்.

ஸ்டாண்டில் ஓடவிட்டால் தங்கமான வண்டி. அதுதான் என் உயிரை வாங்கியது. ஓடாத வண்டியைச் சரி செய்துவிடலாம். ஒழுங்காக ஓடுகிற வண்டியை என்ன செய்ய முடியும்?

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் வேலை முடிந்து கடைக்கு வந்தாள். தோளில் பையோடு வாசலிலேயே நின்றாள்.

“கண்டுபிடிச்சியாண்ணா?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டில் போட்டேன். “கண்டுபிடிச்சேன். வண்டியில ஒரு கோளாறும் இல்ல. உன் கையிலதான் கோளாறு. சிலருக்குச் சில வேலை வராது. உனக்கு இது கை வராது, விட்டுடு.”

அவள் வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்து, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து மேஜை மேல் வைத்தாள். “பரீட்சைக்கு வரேன். அதோட முடிச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்படி உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

“பொறந்து பத்து நாள் ஆன குழந்தை கையில ஒரே குத்துல நரம்பு பிடிக்கிறா. அவளுக்குக் கை வராதா?” என்றாள்.

“அது வேற, இது வேற.”

“எது வேற? அவ என்ன சொல்றாளோ அதை ஒரு தடவை அப்படியே செஞ்சு பாத்தீங்களா?”

“என்ன செய்யணும்?”

“வலது பக்கம் திருப்பிப் பாத்தீங்களா?”

“திருப்பிப் பார்க்காமலா இருப்பேன்? எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று சோற்றைப் பிசைந்தேன்.

திருப்பிப் பார்த்தேன் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதுதான் வேடிக்கை.

பரீட்சையன்று வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போவது, அவள் பஸ்ஸில் வருவது என்று ஏற்பாடு. காலை எட்டரைக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். முன்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். காவல்காரர் வந்து, “வண்டிய அந்த ஓரமா வெச்சு மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பி நிறுத்துங்க” என்றார். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வரிசையாக வண்டிகள். எஞ்சினை அணைக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு, வண்டியை விட்டு இறங்கி, நியூட்ரலில் போட்டு, ஓடவிட்டபடியே உருட்டினேன். இடம் பற்றவில்லை. ஹேண்டில்பாரை வலது பக்கம் கடைசி வரை ஒடித்தேன்.

எஞ்சின் கனைத்தது. சைலன்சரிலிருந்து கறுப்பாக ஒரு புகை வந்தது. நின்றுவிட்டது.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஹேண்டில்பாரை நேராக்கிக் கிளப்பினேன், கிளம்பியது. இடது பக்கம் கடைசி வரை ஒடித்தேன், சீராக ஓடியது. வலது பக்கம் ஒடித்தேன், நின்றது. கியர் நியூட்ரலில் இருந்தது. கிளட்சை யாரும் தொடவே இல்லை. வண்டி மேல் யாருமே இல்லை.

குனிந்து பார்த்தேன். இடது கைப்பிடியிலிருந்து வருகிற சோக் கேபிள், ஹேண்டில்பார் வலது பக்கம் போனதும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி விறைத்து நின்றது. வலது பக்கம் திருப்பினால் இடது கைப்பிடி முன்னால் போகும், கேபிளும் கூடவே போக வேண்டும். போக விடாமல் அதைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன இரண்டு கறுப்பு டைகள். மிச்ச வாலைக்கூட ஒட்ட வெட்டிவிட்ட, நறுவிசான டைகள். நான் கட்டியவை. கேபிள் இழுபட இழுபட நெம்புகோலை யாரும் தொடாமலேயே சோக் திறந்துகொள்கிறது. எஞ்சினுக்குள் பெட்ரோல் கொட்டுகிறது. நேராக்கியதும் மூடிக்கொள்கிறது. அதனால்தான் அவள் எட்டு போட்டால் கரி. நான் தெருவைச் சுற்றினால் ஹேண்டில்பாரை யார் கடைசி வரை ஒடிக்கிறார்கள்? உடம்பைச் சாய்த்துத் திரும்பிவிடுகிறேன். பிளக் பிஸ்கட் நிறத்தில் சிரிக்கிறது.

சரி, கடையில் திருப்பிப் பார்த்தேனே? பார்த்தேன். என் கடை எட்டடி அகலம். ஸ்டாண்டு போடுகிற இடத்துக்கு வலது பக்கம் சாமான் அலமாரி. வலது பக்கம் கால்வாசி திருப்பினாலே முன்சக்கரம் அலமாரியில் இடிக்கும். இருபது வருஷமாக எல்லா வண்டியையும் இடது பக்கம் மட்டும்தான் கடைசி வரை திருப்பிப் பார்த்திருக்கிறேன். வலது பக்கம் சக்கரம் அலமாரியில் முட்டியதும் போதும் என்று விட்டிருக்கிறேன். என் மனைவி கேட்டது நினைவுக்கு வந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவரும் பக்கத்திலேயே இருந்தது.

கட்டரை எடுத்து இரண்டு டைகளையும் வெட்டினேன். கேபிள் பொதுக்கென்று தொங்கியது. பார்க்க அசிங்கமாக இருந்தது. வலது பக்கம் ஒடித்தேன். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடியது. வெட்டிய டைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவள் ஒன்பது மணிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வண்டியைப் பார்த்தாள், தொங்குகிற கேபிளைக் கவனிக்கவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பரீட்சைக்கு முன்னால் அவளைக் குழப்ப வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது என்கிற நினைப்புதான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். இடது வட்டம். நடுக் குறுக்கு. வலது வட்டத்துக்குள் நுழையும்போது அவள் தோள் இறுகுவது இங்கிருந்தே தெரிந்தது. அடியை எதிர்பார்த்து முகத்தைச் சுருக்கிக்கொள்கிற குழந்தை மாதிரி இருந்தாள். வண்டி நிற்கவில்லை. வட்டம் முடிந்தது. இன்னொரு எட்டும் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதையும் போட்டாள், கோட்டின் மேல் நூல் பிடித்தது போல.

“இப்பத்தான் கிளட்ச்ச ஒழுங்கா பிடிச்சிருக்கீங்க” என்று சொல்லி இன்ஸ்பெக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவள் வண்டியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு முதலில் தன் கணவருக்கு ஃபோன் செய்தாள். “பாஸுங்க! ஆமா, பாஸ்! இல்லங்க, வண்டி நிக்கவே இல்ல. அண்ணன் சொன்னதுதான் சரி. வண்டியில ஒண்ணும் இல்ல, என் கையிலதான் கோளாறு. நான்தான் வீணா வண்டியக் குறை சொல்லி அவர நோகடிச்சுட்டேன்.” ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மன்னிச்சுடுண்ணா. ஒன்பது நாளா உன் பொழப்பக் கெடுத்துட்டேன்.”

இதற்கு மேல் ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மனுஷனே இல்லை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. சட்டைப் பையிலிருந்து வெட்டிய டைகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“என்னதுண்ணா இது?”

சொன்னேன். கேபிள், டை, அலமாரி, எல்லாவற்றையும் சொன்னேன். “நீ சொன்னதுதான் சரி. ஆரம்பத்துலேர்ந்தே நீ சொன்னதுதான் சரி. ரெண்டு தடவையும் உன்னை ஃபெயிலாக்கினது நான்தான்” என்றேன்.

அவள் அந்த டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எப்ப கண்டுபிடிச்ச?”

“எட்டரைக்கு.”

“நான் வந்தது ஒன்பது மணிக்கு.”

நான் தொங்குகிற கேபிளைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன்.

“பையில புது டை இருக்கும்ல?” என்றாள்.

“இருக்கு. எதுக்கு?”

“கட்டு. முன்னாடி எப்படிக் கட்டியிருந்தியோ அப்படியே கட்டு.”

“பைத்தியமா உனக்கு?”

“கட்டுண்ணா.”

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் முழிக்கும்போது, தள்ளுங்க என்று சொல்லிவிட்டு ஊசியை வாங்குவாளாம், அப்போது இந்தக் குரலில்தான் சொல்வாள் போலிருக்கிறது. கட்டினேன். அதே இடம், அதே இறுக்கம்.

“இப்ப நீ போய் எட்டு போடு.”

பரீட்சை முடிந்து மைதானம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் தேறியவர்களும் தவறியவர்களுமாக இருபது பேர் நிழலில் காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க ஏறி உட்கார்ந்தேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடது வட்டம் போகும்போது என் மனசுக்குள் ஒரு அற்ப ஆசை. இருபது வருஷக் கை இது. கொஞ்சம் ஆக்சிலேட்டரைக் கூட்டி, கிளட்சைப் பாதியில் வைத்து, எப்படியாவது நிற்காமல் ஓட்டிவிட்டால்? ஓட்டிவிட்டால், தப்பு என் டையில் பாதிதான், மீதி அவள் கையில் என்று ஆகிவிடும் இல்லையா? அவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அந்தப் பாதி வேண்டியிருந்தது.

நடுக் குறுக்கைத் தாண்டினேன். வலது வட்டம். ஹேண்டில்பாரை ஒடித்தேன். எஞ்சின் தொண்டையைச் செருமியது. ஆக்சிலேட்டரைக் கூட்டினேன், இன்னும் மோசமாகத் திணறியது. கிளட்சை முழுக்கப் பிடித்தேன். கறுப்பாகப் புகை வந்தது. நின்றுவிட்டது. வண்டி சாய்ந்தது. வலது காலை வெள்ளைக் கோட்டின் மேலேயே ஊன்றினேன்.

நிழலில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் காகிதங்களிலிருந்து தலையைத் தூக்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“யாருய்யா அது? கிளட்ச்ச ஒழுங்கா பிடிக்கப் பழகிட்டு வாய்யா!”

நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை அவரிடம், மைதானத்துக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

“எங்க அண்ணன்தான் சார். இருபது வருஷமா மெக்கானிக். பாவம், அவருக்குக் கை வராது.”